கேமரா மாட்டியாச்சு, முகம் தெரியலையே!

புது வைஃபை கேமராவின் ஆப்பில் எங்கள் வீட்டு வைஃபையே வரமாட்டேன் என்கிறது. போனில் மட்டும் நன்றாக ஓடுகிறது.

வைஃபையில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு. விலை குறைந்த கேமராக்கள் பெரும்பாலும் 2.4-ஐ மட்டும்தான் பிடிக்கும். உங்கள் போன் 5-இல் இருக்கும். ரவுட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் வைத்து, அதில் சேருங்கள். ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்றிருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள்.

ராத்திரியில் படம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது. ஜன்னலுக்கு உள்பக்கம் வைத்திருக்கிறேன்.

கேமராவின் அகச்சிவப்பு விளக்கு கண்ணாடியில் பட்டு லென்ஸுக்கே திரும்புகிறது. அந்த விளக்கை அணைத்துவிட்டு வாசல் பல்பைப் போட்டு வையுங்கள், அல்லது கேமராவை வெளியே கொண்டுபோங்கள். வெளியே மாட்டியவர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு: லென்ஸுக்கு முன்னால் ஒற்றைச் சிலந்தி நூல் இருந்தால் போதும், இரவில் அது கயிறு மாதிரிப் பளபளக்கும். காற்றில் அது ஆடும்போதெல்லாம் 'ஆள் நடமாட்டம்' என்று போன் அலறும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சிதான் வைத்தியம்.

128 ஜிபி கார்டு எத்தனை நாள் தாங்கும்?

2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. ஆறு நாள்கூட வராது. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் முதல் நாள் பதிவின் மேல் புதியது பதிந்து, அது அழிந்திருக்கும். நாள் முழுக்கப் பதிய, திரும்பத் திரும்ப எழுதினாலும் தாங்கும் 'ஹை எண்டூரன்ஸ்' கார்டு வாங்குங்கள். சாதாரண கார்டு சீக்கிரம் செத்துவிடும். திருடன் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் அவனோடு போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும் அம்மா வீட்டை இங்கிருந்து பார்க்க வேண்டும். மாட்ட வந்த தம்பி, "ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்குங்க சார், போர்ட் திறந்து விடுறேன்" என்கிறார்.

வேண்டாம். தயாரிப்பாளரின் ஆப் வழியாகவே பார்க்கலாம். போர்ட் என்பது வெளி இணையத்திலிருந்து ரவுட்டர் வழியாக உள்ளே வரும் வழி. அதைத் திறந்தால் உங்கள் கேமரா உலகத்துக்கே வாசல் திறந்து நிற்கும். 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்து அனுப்பிய யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகளில் அறுபது சொச்சத்தை மட்டும் போட்டுப் பார்த்தே ஏராளமான கேமராக்களையும், டிவிஆர் எனும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது. அந்த அக்டோபரில் அவற்றை வைத்து இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. கேமராவில் படம் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும் என்பதால், சொந்தக்காரருக்குச் சந்தேகமே வராது.

பாஸ்வேர்டை மாற்றுங்கள், கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி வசதியை ரவுட்டரில் அணையுங்கள், கேமராவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். இதைவிட முக்கியம்: கேமரா யாருடைய போன் நம்பரில் பதிவாகியிருக்கிறது? மாட்ட வருகிறவர் அவசரத்துக்குத் தன் அக்கவுண்டில் போட்டுவிட்டுப் போவது நம்மூரில் சகஜம். அப்படி இருந்தால் உங்கள் அம்மாவின் கூடத்தை அவரும் பார்க்கலாம். அவர் அக்கவுண்டிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் பெயரில் சேர்த்த பிறகு மீதிக் காசைக் கொடுங்கள்.

வாசலில் பைக் திருடு போனது. பதிவில் ஆள் வருகிறான், முகம் தெரியவில்லை. ஸ்டேஷனில் ஃபுட்டேஜ் கேட்கிறார்கள்.

மெகாபிக்சலைப் பார்த்து வாங்குகிறோம், லென்ஸை விட்டுவிடுகிறோம். அறிமுகமில்லாத முகத்தை அடையாளம் காண, காட்சியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 250 பிக்சல் வேண்டும் என்பது தொழில்முறைக் கணக்கு. 1920 பிக்சல் அகலமுள்ள 2 மெகாபிக்சல் கேமராவில் 2.8 மிமீ லென்ஸ் இருந்தால், ஏறக்குறைய 3 மீட்டரைத் தாண்டியதும் அந்தத் தெளிவு போய்விடும். 6 மிமீ லென்ஸ் என்றால் 8 மீட்டர்வரை கிடைக்கும், அக்கம்பக்கம்தான் தெரியாது. மாடி சன்ஷேடில் மாட்டினால் தலையும் ஹெல்மெட்டும்தான் விழும். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டரை மீட்டர் உயரம் போதும்.

இப்போதைக்கு, பழைய பதிவு அழிவதற்குள் மூலக் கோப்பை அப்படியே பென் டிரைவில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும். ரெக்கார்டர் கடிகாரம் எத்தனை நிமிடம் முந்தியோ பிந்தியோ ஓடுகிறது என்று குறித்துக் கொடுங்கள். நீதிமன்றத்தில் இந்த நகல் செல்ல, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, ஹேஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) கூடிய சான்றிதழ் வேண்டும். அதில் உங்கள் பகுதியும் நிபுணர் பகுதியும் தனித்தனி. விசாரணை அதிகாரியிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எங்கள் கேமராவில் பக்கத்து வீட்டு மாடிப்படி விழுகிறதாம், சண்டைக்கு வருகிறார்கள்.

அவர்கள் கேட்பது நியாயம்தான். 'பிரைவசி மாஸ்க்' போட்டு அந்த மூலையைக் கறுப்பாக்கி, போனில் காட்டிவிட்டு வாருங்கள்.