அண்ணாச்சி, வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள்

அண்ணாச்சி, போன சனிக்கிழமை பையனையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். மஞ்சப்பைக்குள் பையனின் டிப்ளமோ மதிப்பெண் பட்டியலும் வீட்டுப் பத்திரமும் ஒன்றாக இருந்தன. உங்கள் கலக்கத்தைப் பார்த்து, "யோசிப்போம், பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கே நேராகச் சொல்லியிருக்க வேண்டும். பையன் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்து வாங்க நினைக்கும் அந்தக் கடனை வாங்காதீர்கள்.

நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் நேரடி இரண்டாம் ஆண்டு, ஏஐ படிப்பு, மூன்று வருடத்துக்கு 12 லட்சம். இதுதான் மச்சான் போட்ட கணக்கு. 10 சதவீத வட்டி என்று வைத்தாலே மாதம் 10,000 ரூபாய் வட்டிக்கு மட்டும் போகும். மளிகைக் கடை வருமானத்தில் அது முடியாது என்று உங்களுக்கே தெரியும். சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஏஐ எடுத்தார்கள் என்பது ஒரு காரணமே இல்லை.

நீங்கள் வெளியே போன் பேசப் போனபோது பையன் லேப்டாப்பைத் திறந்து ஒன்றைக் காட்டினான். ஓப்பன்5ஜிஎஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து ஒரு குட்டி 4ஜி நெட்வொர்க்கை ஓட்டிக்கொண்டிருக்கிறான். போனை ஆன் செய்ததும் அந்த சிம் நிஜமானதா என்று நெட்வொர்க் பார்க்க வேண்டும். போனோடு பேசுகிற எம்எம்இ என்ற நெட்வொர்க் பகுதியிடம் சிம்மின் ரகசியச் சாவி கிடையாது. அது வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் எச்எஸ்எஸ்ஸிடம் இருக்கிறது. இருவரும் பேசும் மொழி டயாமீட்டர். ஆனால் பேசுவதற்கு முன் ஒருவரை ஒருவர் 'பியர்', அதாவது தெரிந்த கூட்டாளி, என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். பற்று நோட்டில் பேர் இல்லாதவருக்கு நீங்கள் கடனுக்குச் சாமான் கொடுப்பீர்களா? அதே கதைதான்.

எம்எம்இயின் அமைப்புக் கோப்பில், யாரோடு இணைய வேண்டும் என்று சொல்லும் கனெக்ட்பியர் வரியில், வெறும் 'எச்எஸ்எஸ்' என்று எழுதிவிட்டான். எதிர்ப்பக்கம் தன்னை 'எச்எஸ்எஸ்.லோக்கல்டொமைன்' என்று முழுப்பெயரில் சொல்கிறது. ஐபி முகவரி சரி, 3868 போர்ட் சரி, செய்தியைச் சுமக்கும் எஸ்சிடிபி இணைப்பும் எழுகிறது. ஆனால் பதிலில் வந்த ஆரிஜின்-ஹோஸ்ட், அதாவது அனுப்பியவர் பெயர், எதிர்பார்த்த பெயர் இல்லை என்று எம்எம்இ அறுத்துவிடுகிறது. எச்எஸ்எஸ் தானாக வந்து கேட்டாலும் 3010, அதாவது 'தெரியாத பியர்', என்று திருப்பி அனுப்புகிறது. இரவு 11 மணிக்கு உட்கார்ந்தவன் 3 மணிக்கு, நெட்வொர்க்கில் ஓடும் செய்திகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பாக்கெட்டைப் பிரித்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறான். திருத்தியதும் இணைப்பு அறுபடாமல் நிலைத்தது. அப்புறம் 30 விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா' என்று இரண்டும் விசாரித்துக்கொள்வதை எனக்குக் காட்டியபோது அவன் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். எந்த வாத்தியாரும் கொடுத்த வேலை இல்லை அது.

டெலிகாம் செத்த துறை என்றார் மச்சான். 2025 செப்டம்பரில் பிஎஸ்என்எல் தொடங்கிய உள்நாட்டு 4ஜியின் கோர், அதாவது எம்எம்இ, எச்எஸ்எஸ் எல்லாம் இருக்கும் மையப்பகுதி, அரசு நிறுவனமான சி-டாட் உருவாக்கியது. 4ஜி ஓடும்வரை, 4ஜியிலேயே குரல் பேசும் வோல்டி அழைப்பு இருக்கும்வரை, டயாமீட்டர் தெரிந்த ஆள் வேண்டும். தனித்து ஓடும் 5ஜி கோரில் டயாமீட்டரின் இடத்தை இணையத்தில் புழங்கும் எச்டிடிபி/2 எடுத்துக்கொண்டது உண்மைதான். அதையும் அவன் படிக்கட்டும். யார் யாரை நம்புவது என்ற கேள்வி அங்கேயும் அதேதான்.

இசிஇ (மின்னணு, தொடர்பியல்) பிரிவிலேயே, கலந்தாய்வு மூலம் அரசுக் கல்லூரியில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரட்டும். கூடவே லினக்ஸ், டிஎன்எஸ், எஸ்சிடிபி மூன்றையும் அடிவரை படிக்க வேண்டும். டயாமீட்டரின் மூல ஆவணம் ஆர்எஃப்சி 6733. எம்எம்இ-எச்எஸ்எஸ் பேச்சுக்கு, மொபைல் நெட்வொர்க் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 29.272. இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. அடுத்து, நடுவில் செய்தியை வாங்கி அனுப்பும் ஒரு ரிலேயை வைத்து, ரெல்ம் பெயரைப் (எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்ற பெயர்) பார்த்துச் செய்தியை வழிமாற்றிப் பழகட்டும். உடைந்த இணைப்பு, அதன் பாக்கெட் பதிவு, சரிசெய்த விதம், இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நேர்முகத்தேர்வில் அந்த நோட்டு பேசும்.

வேலை சுலபம் என்று சொல்லமாட்டேன். நெட்வொர்க்கில் மாற்றங்களைப் பெரும்பாலும் நள்ளிரவில்தான் செய்வார்கள். ஆரம்பச் சம்பளம் மச்சான் சொன்ன தொகை அளவுக்கு இருக்காது. சென்னையோ பெங்களூரோ போக வேண்டியிருக்கும். ஆனால் கடன் இல்லாமல் போவான், பிடித்த வேலைக்குப் போவான்.

திங்கட்கிழமை பாலிடெக்னிக்கில் மாற்றுச் சான்றிதழையும் அசல் மதிப்பெண் பட்டியலையும் வாங்கிவிடுங்கள். மச்சானிடம் பேசத் தயக்கமாக இருந்தால் போனைப் போட்டு என்னிடம் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.