நாலு கேபிக்குள் ஓடும் ஆறு

கேள்வி: 1982-ல் கேரல் ஷா என்ற பெண் எழுதிய 'ரிவர் ரெய்டு' வீடியோ கேம் மொத்தமே 4 கேபிதான், ஆனால் அதில் ஆறு ஓடிக்கொண்டே இருக்கும் என்கிறான் கோவையில் கம்ப்யூட்டர் படிக்கும் என் மகன். நம்பலாமா? அந்தம்மா யார்?
- வாசகி, பெருந்துறை

பதில்: நம்புங்க அம்மிணி. ஈரோட்டில் இருபது வருசம் டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். படத்தை மேலும் கீழும் விரிக்கிற வெர்டிகல் ஐசி போன டிவியில் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும். படம் என்பது கோடுகளின் அடுக்குதான் என்று எனக்கு விளங்கியது அப்படித்தான்.

அந்தம்மா எழுதியது டிவியோடு இணைத்து கேம் ஆடும் அட்டாரி 2600 பெட்டிக்கு. அதில் ரேம், அதாவது ஆடும்போது எழுதி அழிக்கும் நினைவகம், 128 பைட். இன்றைக்குத் தமிழில் தட்டினால் நாலைந்து சொல்லோடு நிரம்பிவிடும்! முழுப் படத்தை வைக்க இடம் ஏது? பிக்சர் டியூபில் கோடு கோடாகப் படம் வரையும் எலக்ட்ரான் கற்றை ஓட ஓட, அந்தந்தக் கோட்டுக்கு வேண்டியதை ப்ரோகிராம் அப்போதைக்கப்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது ப்ராசஸரின் 76 துடிப்பு. சென்னிமலைத் தறியில் நாடா ஒரு தரம் ஓடினால் ஒரு ஊடை விழுகிறதே, அந்த மாதிரி. நெசவாளி கை தப்பினால் தறியை நிறுத்திப் பிரித்துக்கொள்வார். டிவியில் கற்றை யாருக்காகவும் நிற்காது.

சரி, ஆறு? அதை அவர் வரைந்து வைக்கவே இல்லை. ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் சின்னக் கணக்குதான் கரை எங்கே ஒடுங்கும், தீவு எங்கே வரும் என்று சொல்கிறது. எண்கள் தாறுமாறாகத் தெரியும். ஆனால் தொடக்க எண் மாறாது. அதனால் எத்தனை தரம் ஆடினாலும் அதே ஆறு, அதே இடத்தில் பெட்ரோல் டிப்போ. இந்த யோசனைக்கு நான் எழுந்து கும்பிடுவேன்.

கேரல் ஷா அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்து 1978-ல் அட்டாரி கம்பெனியில் சேர்ந்தார். கேம் எழுதியவர் பெயரை அட்டையில் போடாத கம்பெனி அது. அந்தக் கடுப்பிலும் சம்பளக் குறையிலும் நாலு பேர் வெளியேறி 1979-ல் ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியைத் தொடங்கினார்கள். கேரல் ஷாவும் இடையில் டாண்டம் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய், அப்புறம் ஆக்டிவிஷன் வந்துதான் ரிவர் ரெய்டை எழுதினார். 1984-ல் மறுபடி டாண்டம். 1990-ல் முப்பத்தைந்து வயசிலேயே ஓய்வு.

கேம் ஆடிப் பார்க்க மகன் பழைய டியூப் டிவி ஏதும் வாங்கி வந்தால் பின்மூடியைக் கழற்ற விடாதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.