அடுக்களைக் கணக்கு: கையில் ஐயாயிரம், வீட்டில் நால்வர்

மதுரையில் பல ஆண்டுகள் சைவ மெஸ் நடத்தி ஓய்ந்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மா, எங்கள் வீட்டில் நான்கு பேர், சுத்த சைவம். கணவருக்கு மில்லில் வேலை. பால், கேஸ் போக மளிகைக்கும் காய்க்கும் சேர்த்து மாதம் 5,000 ரூபாய்தான் ஒதுக்க முடிகிறது. 20-ஆம் தேதிக்கு மேல் தெருமுனைக் கடையில் நோட்டுப் போட்டுத்தான் வாங்குகிறேன். ஏழு நாளைக்கும் என்ன சமைப்பது என்று ஓர் அட்டவணை போட்டுத் தாருங்கள்.
- வாசகி, திருமங்கலம்

பதில்: அட்டவணை தரமாட்டேன் அம்மா. செவ்வாய்க்கிழமை முருங்கைக்காய் சாம்பார் என்று நான் பாட்டுக்கு எழுதிவிடுவேன். மார்கழி மாதத்தில் அந்தக் காயின் விலையைக் கேட்டுத் திகைத்து நிற்கப்போவது நீங்கள். மெஸ் நடத்திய காலத்தில், காய் மூட்டை வந்து இறங்கிய பிறகுதான் வாசல் கரும்பலகையில் குழம்பின் பெயரை எழுதுவேன். வீட்டுக்கும் அதுதான் சரி. மளிகையை மாதக் கணக்கில் வாங்குங்கள். எந்தக் குழம்பு என்பதைக் காய் வாங்கிய பிறகு முடிவு செய்யுங்கள்.

ரேஷனில் தொடங்குவோம். அரிசி அட்டை வைத்திருந்தால் அரிசிச் செலவு இல்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் அதே பருப்பு பல மடங்கு விலை. முதல் வாரத்தில் இருப்பு இல்லை என்று சொல்லி அனுப்பினால் அதோடு விட்டுவிடாமல் அடுத்த வாரம் மறுபடி போய் நில்லுங்கள். விட்டுப்போன ஒரு கிலோ பருப்பை அண்ணாச்சி கடையில் வாங்கினால், உங்கள் ஐயாயிரத்தில் அங்கேயே ஓட்டை விழுந்துவிடும்.

நால்வருக்கு ஒரு வேளை சாம்பார் வைக்க 100 கிராம் பருப்பு போதும். ஆக, அந்த ஒரு கிலோவில் மாதத்துக்குப் பத்து சாம்பார். மீதி இருபது நாளைக்கு? நம் அம்மாக்கள் இதற்குத்தான் அத்தனை குழம்பு கண்டுபிடித்து வைத்தார்கள். தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்டுப் புளிக்குழம்பு வையுங்கள். தயிர் புளித்துப்போனால் மோர்க்குழம்பு. கீரை மலிந்தால் ஒரு பிடி பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு, கூடவே ரசம். காயே இல்லாத நாளில் சுண்டைக்காய் வற்றல் குழம்பு, தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல். கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளில் சுண்டல் என்று ஒரே கொதியில் இரண்டு உணவு. பயறு வகைகளை முந்தைய இரவே ஊறப்போட மறக்காதீர்கள், கேஸும் மிச்சமாகும்.

எண்ணெய்தான் கண்ணுக்குத் தெரியாமல் பணத்தைத் தின்கிறது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று முடிவு செய்து, வாங்கிய அன்றே நான்கு பாட்டில்களில் பிரித்து ஊற்றுங்கள். வாரத்துக்கு ஒரு பாட்டில். வெள்ளிக்கிழமையே பாட்டிலின் அடி தெரிகிறது என்றால், சனி, ஞாயிறு அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிடுங்கள். பெரிய டின்னிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றும் வீட்டில் கணக்கு ஒருநாளும் நிற்காது.

காய்க்கு உழவர் சந்தை. 1999-இல் மதுரை அண்ணா நகரில்தான் இது முதலில் தொடங்கியது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை உண்டு. உள்ளே நுழைந்ததும் விலைப்பலகையை முழுவதும் படித்துவிட்டு, அதற்குப் பிறகு பையை விரியுங்கள். விடியற்காலையில் போனால் நல்ல காயாகப் பொறுக்கலாம். சந்தை கலையும் நேரத்தில் போனால், ஊர் திரும்ப பஸ்ஸைப் பிடிக்க நிற்பவர்கள் மீதியைக் கூறு கட்டித் தள்ளிவிடுவார்கள். நான் இரண்டாம் கட்சி. வாங்கி வந்ததில் கீரை அன்றைக்கே. வெண்டை, கத்தரி, அவரை அடுத்த இரண்டு மூன்று நாளில். பூசணி, சேனை, சேப்பங்கிழங்கு வாரக் கடைசிக்கு. வாடுவது முதலில் அடுப்பேற வேண்டும். பாதிக் காசு குப்பைக்குப் போகும் வீடுகளில் பார்த்தால், சேனையைச் சமைத்துவிட்டு வெண்டைக்காயை வாடவிட்டிருப்பார்கள்.

இனி அந்த நோட்டு. கடன் நோட்டில் வாங்குபவரால் வாய் திறந்து விலை கேட்க முடியாது. பருப்பில் வண்டு இருந்தாலும் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். அவசரத்துக்குக் கால் கிலோ, நூறு கிராம் என்று வாங்குவதில் விலையும் கூடும். ஒரே மாதத்தில் நோட்டை மூட முடியாது என்பது எனக்குத் தெரியும். இந்த மாதம் உளுந்து, எண்ணெய், புளி, மிளகாய் ஆகிய நான்கையும் ரொக்கத்தில் வாங்குங்கள். சோப்பு, பேஸ்ட் நோட்டிலேயே இருக்கட்டும். அடுத்த மாதம் இன்னும் இரண்டு பொருளை ரொக்கத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ரேஷன் அரிசியைக் களையும்போது சில அரிசி வெள்ளை வெளேரென்று தண்ணீரில் மிதக்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்கிறார்கள். பொறுக்கி எறிந்துவிட்டுச் சமைக்கிறேன். சரிதானா?
- வாசகி, நத்தம்

பதில்: எறியாதீர்கள்! அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து, அரிசி வடிவத்திலேயே அச்சில் பிழிந்தெடுத்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் ரேஷன் அரிசியில் சேர்த்திருக்கிறார்கள். சைவச் சாப்பாட்டில் கிடைக்க அரிதான பி12-ஐ இலவசமாகக் கொடுக்கிறார்கள். நீங்கள் உட்கார்ந்து பொறுக்கிக் கோழிக்குப் போடுகிறீர்கள். அரிசியை ஏழெட்டுத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதையும் விடுங்கள். இரண்டு தண்ணீர் போதும்.

கேள்வி: வேலைக்குப் போகிறேன். இட்லி மாவு பாக்கெட் வாங்குவது அவ்வளவு பெரிய செலவா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பாக்கெட்டில் பாதிக்கு மேல் தண்ணீர் அம்மா. ஒரு கிலோ ரேஷன் புழுங்கல் அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் போட்டு அரைத்தால் மூன்று கிலோ அளவுக்கு மாவு காணும். அரிசி இலவசம் என்றால் செலவு உளுந்துக்கு மட்டும்தான். அரசு கொடுத்த கிரைண்டர் எத்தனை வீடுகளில் பரணில் தூங்குகிறது என்று எனக்குத் தெரியும். ஞாயிறு மாலை அதை இறக்குங்கள். முதல் மூன்று நாள் இட்லி, பிறகு தோசை, புளித்த கடைசி மாவில் வெங்காயம் நறுக்கிப் போட்டுக் குழிப்பணியாரம்.

கேள்வி: சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சைவம். ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகவில்லை. ஓர் இண்டக்ஷன் அடுப்பும் குக்கரும் உண்டு. சமைக்கத் தெரியாது.
- வாசகர், வேளச்சேரி

பதில்: காலையில் சமைக்க வேண்டாம் தம்பி. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3 ரூபாய். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. இரவுக்குக் குக்கரில் அரிசியும் பாசிப்பருப்பும் மூன்றுக்கு ஒன்று, மஞ்சள் தூள், உப்பு, இரண்டும் சேர்ந்த அளவைப்போல் நான்கு மடங்கு தண்ணீர், நான்கு விசில். ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கேட்டு வாங்கி வாருங்கள். ஒருவருக்காகக் காய் வாங்கக் கோயம்பேடு சந்தை வரை போகாதீர்கள். பஸ் காசிலேயே மிச்சம் பிடித்தது போய்விடும்.

கேள்வி: குழந்தைக்குப் புரதம் வேண்டும், பன்னீர் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்கு வசதி இல்லை.
- வாசகி, போடி

பதில்: எடைக்கு எடை பார்த்தால் பன்னீரைவிட நிலக்கடலையில் புரதம் அதிகம், விலையோ வெகு குறைவு. மாலையில் ஒரு கைப்பிடி வேகவைத்துக் கொடுங்கள். மறுநாள் கருப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். ஆனால் பாலையும் தயிரையும் மட்டும் குறைக்காதீர்கள்; பி12-க்குச் சைவர்களின் அன்றாடச் சாப்பாட்டில் அதைவிட நல்ல வழி இல்லை. சாப்பிட்ட கையோடு டீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். டீ குடித்தால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

கேள்வி: மாதக் கடைசியில், பருப்பு டப்பா காலியான நேரம் பார்த்து நாத்தனார் குடும்பத்தோடு வந்து நிற்கிறார். என்ன செய்வது?
- வாசகி, சிவகாசி

பதில்: மாவு இருக்கிறதல்லவா? இட்லி ஊற்றுங்கள். வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாயைத் தாளித்து வதக்கித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, இரண்டு கரண்டி பொட்டுக்கடலையைப் பொடித்துக் கரைத்துச் சேர்த்து, பெருங்காயமும் கொத்தமல்லியும் போட்டு இறக்குங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணிச் சாம்பார் தயார். நாத்தனார் இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொள்வார். பருப்பு எங்கே என்று கேட்டால், இது எங்கள் ஊர்ப் பக்குவம் என்று சொல்லிவிடுங்கள்.