கடல் கடக்கும் வீட்டுச் சாமான்: சுங்கமும் காப்பீடும்

(சென்னைத் துறைமுகத்தில் சுங்க முகவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

குடும்பத்துடன் மெல்போர்னுக்குக் குடிபெயர்கிறோம். பல ஆண்டுகள் புழங்கிய சாமான்களைக் கப்பலில் அனுப்புகிறோம். பேக்கிங் செய்ய வந்தவர், "எல்லாப் பொருளுக்கும் மதிப்பைக் குறைத்து எழுதுங்கள், அப்போதுதான் அங்கே வரி போட மாட்டார்கள்" என்கிறார். அப்படிச் செய்யலாமா?
*வாசகி, திருச்சி*

செய்யாதீர்கள் அம்மா. இந்த யோசனையைச் சொல்லாத ஆளே இந்தத் தொழிலில் இல்லை. கேட்டு நடந்தவர்கள்தான் பிறகு கண்ணீர் விடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் பார்ப்பது மதிப்பை அல்ல. எவ்வளவு காலமாக வைத்துப் புழங்கினீர்கள் என்பதைத்தான். 12 மாதங்களோ அதற்கு மேலோ உங்களுக்குச் சொந்தமாக இருந்து, நீங்கள் பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்குச் சுங்க வரியும் கிடையாது, ஜி.எஸ்.டி.யும் கிடையாது. பி534 (B534) என்ற படிவத்தில் அதை அறிவித்து, பாஸ்போர்ட் நகலுடன் கொடுக்க வேண்டும். பத்து வருடப் பழைய கிரைண்டருக்கு ஐந்நூறு ரூபாய் என்று எழுதினாலும் ஐயாயிரம் என்று எழுதினாலும் அங்கே வரி ஒன்றுதான்: பூஜ்யம். பிறகு எதற்குப் பொய்?

புறப்படுவதற்காகப் புதிதாக வாங்கியவைதான் வரிக்கு உள்ளாகும். போன மாதம் வாங்கிய மிக்சி, பெட்டி பிரிக்காத குக்கர், மகளுக்கு எடுத்த புது மடிக்கணினி ஆகியவற்றைத் தனியாக எழுதி, பில்லையும் இணைத்துவிடுங்கள். சுங்க வரியும் 10 சதவீத ஜி.எஸ்.டி.யும் விழலாம். மறைத்துப் பிடிபட்டால் முழுப் பெட்டிகளையும் கொட்டிச் சோதிப்பார்கள். அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

இதைவிடப் பெரிய நஷ்டம் காப்பீட்டில் வரும். சாமான் உடைந்து இழப்பீடு கேட்கும்போது, காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது அதே பட்டியலைத்தான். சுங்கத்திற்கு ஒரு பட்டியல், காப்பீட்டுக்கு வேறொரு பட்டியல் என்று வைத்திருந்தால் இரண்டும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஒரே பட்டியலில் இரண்டு பத்திகள் போடுங்கள்: ஒன்றில் அந்தப் பொருள் பழையதாக இன்று பெறும் விலை, மற்றதில் போகிற ஊரில் புதிதாக வாங்கினால் ஆகும் விலை. முதலாவது சுங்கத்துக்கு, இரண்டாவது காப்பீட்டுக்கு. இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை.

"சமையல் சாமான், 1 பெட்டி" என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இப்படி இருக்க வேண்டும்: "பெட்டி எண் 14. டில்டிங் கிரைண்டர் 1, வாங்கிய ஆண்டு 2017. இட்லிப் பானை, அலுமினியம், 1. எவர்சில்வர் தூக்கு 3. பீங்கான் தட்டு 12, ஒன்றின் விளிம்பில் பழைய கீறல்." அந்தப் பழைய கீறலையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதை எழுதியவர் மற்றப் பதினொன்றைப் பற்றியும் உண்மை சொல்கிறார் என்று மதிப்பீட்டாளர் நம்புவார்.

ஆஸ்திரேலியாவுக்கு எந்தெந்தப் பொருட்களை அனுப்பக் கூடாது? பாட்டி கொடுத்த முறமும் இலவம்பஞ்சுத் தலையணைகளும் இருக்கின்றன.
*வாசகி, காரைக்குடி*

அந்த இரண்டையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். சுங்கத்தைவிட அங்கே கடுமையானது உயிரிப் பாதுகாப்புச் சோதனை. பூச்சி, விதை, மண் எதுவும் நாட்டுக்குள் வரக் கூடாது என்பதில் அவர்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. தீவு நாடு, விவசாயம் பெரிய தொழில். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

நம் வீட்டுப் பொருட்களில் மாட்டிக்கொள்பவை எவை என்று பாருங்கள். முறத்தில் சாணம் மெழுகியிருப்போம். இலவம்பஞ்சில் கறுப்பு விதைகள் கிடக்கும். தென்னை ஈர்க்குத் துடைப்பம், வெட்டிவேர்த் தட்டி, உலர்ந்த மாவிலைத் தோரணம், பூஜைப் பெட்டியின் மூலையில் மறந்துபோன நவதானியப் பொட்டலம், ஆட்டுக்கல்லின் அடியில் ஒட்டிய மண், சைக்கிள் டயரின் இடுக்கில் காய்ந்த சேறு, பிள்ளைகளின் விளையாட்டுக் காலணி. மரச்சாமானில் மாவு போல உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று பொருள். இவற்றுள் ஒன்று கிடைத்தாலும் புகையூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். எதுவானாலும் செலவு உரிமையாளருடையது. சோதனைக்கும் நேரக் கணக்கில்தான் கட்டணம். பட்டியல் தெளிவாகவும் சாமான் சுத்தமாகவும் இருந்தால் நேரம் குறையும், பணமும் குறையும்.

அட்டைப்பெட்டி விஷயத்தில் கவனம் வேண்டும். பழமண்டியிலிருந்தும் முட்டைக் கடையிலிருந்தும் வாங்கிய பெட்டிகள் ஆகாது. மரச்சட்டப் பெட்டி போட்டால், 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் மரத்தின் உட்பகுதி வரை சூடேற்றியதற்கான முத்திரை பலகையில் இருக்க வேண்டும். கோதுமைக் கதிர் படமும் 'எச்.டி.' (HT) என்ற எழுத்துகளும் உள்ள அந்த முத்திரையை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பெட்டியை மூட விடுங்கள்.

ஊறுகாய், பருப்புப்பொடி, கருவாடு வைக்கலாமா?
*வாசகர், தூத்துக்குடி*

கப்பல் பெட்டியில் எந்தத் தின்பண்டமும் வேண்டாம்.

பேக்கர்ஸ் நிறுவனம் "இன்சூரன்ஸ் சேர்த்துத்தான் இந்தத் தொகை" என்று பணம் வாங்கிக்கொண்டது. பாலிசி எதுவும் தரவில்லை. பயப்பட வேண்டுமா?
*வாசகர், கோயம்புத்தூர்*

சாமான் வீட்டை விட்டு வெளியே போவதற்கு முன்னால் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், காப்பீட்டுத் தொகை, எங்கிருந்து எதுவரை பாதுகாப்பு என்ற ஐந்தும் கொண்ட சான்றிதழ் கையில் இல்லாவிட்டால், உங்களுக்குக் காப்பீடு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "நாங்கள் பொறுப்பு" என்று நிறுவனம் தன் ரசீதில் அச்சடித்திருப்பது காப்பீடு ஆகாது.

சான்றிதழ் வந்ததும் எந்த வகை என்று பாருங்கள். 'முழு இழப்பு மட்டும்' என்றிருந்தால் பெட்டிகள் மொத்தமும் போனால்தான் பணம். பத்துத் தட்டு உடைந்தால் ஒன்றும் வராது. எல்லா இடர்களுக்குமான பாலிசி கொஞ்சம் கூடுதல் விலை. ஆனால் வீட்டுச் சாமானுக்கு அதுதான் பொருந்தும். அதிலும் நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தவற்றுக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. பீங்கானையும் கண்ணாடியையும் அவர்களையே கட்டச் சொல்லுங்கள். வெளியே அடிபட்ட தடயம் இல்லாமல் டி.வி. ஓடவில்லை என்றால் பெரும்பாலான பாலிசிகள் கைவிரித்துவிடும். நகை, பணம், பத்திரங்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பு கிடையாது. அவை கைப்பையில் போக வேண்டியவை.

தொகையைக் குறைத்துப் போட்டு பிரீமியத்தை மிச்சம் பிடிப்பதும் வீண். பத்து லட்சம் பெறும் சாமானை ஐந்து லட்சத்துக்குக் காப்பீடு செய்து, ஒரு லட்சத்துக்குச் சேதமானால் கையில் வருவது ஐம்பதாயிரம்தான். மீதிப் பாதிக்கு நீங்களே காப்பீட்டாளர் என்பது 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் கணக்கு.

எங்கள் சாமானில் விலை உயர்ந்தது எதுவும் இல்லை. கப்பல் என்ன தினமுமா மூழ்குகிறது? காப்பீடு இல்லாமல் அனுப்பினால் என்ன?
*வாசகர், மதுரை*

2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கன்டெய்னர்களுடன் கொச்சிக்கு அருகே கடலில் சாய்ந்து மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன குறுகிய பயணம் அது. ஆனாலும் நான் அதிகம் அஞ்சுவது மூழ்குவதற்கு அல்ல. பலருக்கும் தெரியாத ஒரு பழைய கடல் வழக்கத்துக்கு.

கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து காப்பாற்றச் செலவோ தியாகமோ செய்தால், அந்தச் சுமையைக் கப்பல் உரிமையாளரும் சரக்கின் சொந்தக்காரர்கள் அனைவரும் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 'ஜெனரல் ஆவரேஜ்' என்பது அதன் பெயர். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி, ஆறு நாள் கழித்து மிதந்தபோது இதுதான் அறிவிக்கப்பட்டது. எகிப்திலிருந்து அது புறப்பட அனுமதி கிடைத்ததோ ஜூலை மாதத்தில். உள்ளே இருந்த சாமானுக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் உங்கள் பங்குக்கு உத்தரவாதம் கொடுக்காமல் அதை விடுவிக்க மாட்டார்கள். காப்பீடு இருந்தால் நிறுவனம் உத்தரவாதக் கடிதம் கொடுத்துவிடும். இல்லாதவர் ரொக்கமாக முன்பணம் கட்ட வேண்டும். புது ஊரில் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் புரட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் இது எவ்வளவு பெரிய அடி என்று எண்ணிப் பாருங்கள்.

கொள்ளுப்பாட்டி காலத்து வெண்கல விளக்கு, சில ஓலைச்சுவடிகள் உள்ளன. கொண்டுபோகலாமா?
*வாசகர், கும்பகோணம்*

இங்கே தடை போடுவது வெளிநாடு அல்ல, நம் சட்டம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம், கைவினைப் பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிகளுக்கு 75 ஆண்டுகளே போதும். விளக்கின் வயது உறுதியில்லை என்றால், இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றுக்கு விண்ணப்பியுங்கள். சுவடிகளைப் படமெடுத்துக்கொண்டு, மூலத்தை இங்கே பொறுப்பான கைகளில் ஒப்படையுங்கள். குடும்பச் சொத்து என்றாலும் அவை இந்த மண்ணின் எழுத்து. கடல் ஈரத்துக்கு அவற்றைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மகள் செவிலியராக இங்கிலாந்து போகிறாள். அங்கும் இதே விதிதானா?
*வாசகி, நாகர்கோவில்*

அங்கே கணக்கு வேறு. 12 மாதங்கள் தொடர்ந்து பிரிட்டனுக்கு வெளியே வசித்திருக்க வேண்டும், பொருள் ஆறு மாதமாவது கையில் இருந்து புழங்கியிருக்க வேண்டும். குடியிருப்பு மாற்றச் சலுகைக்கு அந்நாட்டு வருவாய்த் துறையிடம் இணையம் வழியாக விண்ணப்பித்து, அவர்கள் தரும் எண்ணைச் சரக்கு முகவரிடம் கொடுக்க வேண்டும். சாமான் கப்பலேறுவதற்கு முன்பே அந்த எண் வந்துவிடுவது நல்லது. இல்லையென்றால் துறைமுகத்தில் பெட்டி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். சலுகையில் வந்த பொருளை 12 மாதத்துக்குள் விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

கனடா போகிறவர்கள் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே வார்த்தை: முதன்முதலாக அங்கே இறங்கும் நாளிலேயே, பின்னால் வரப்போகும் சாமானின் பட்டியலையும் விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

சாமான் வந்து சேரும் நாளில் என்ன செய்ய வேண்டும்?
*வாசகர், சேலம்*

பெட்டிகளை எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டு, நசுங்கியதையும் நனைந்ததையும் கொண்டுவந்தவர்கள் முன்னிலையிலேயே படமெடுங்கள். விநியோக ரசீதில் "பெட்டி 14 மூலை நசுங்கியுள்ளது, 22 வரவில்லை" என்று கைப்பட எழுதிய பிறகுதான் கையெழுத்து. லாரிக்காரர் அவசரப்படுத்துவார், பொருட்படுத்த வேண்டாம். உடைந்ததைக் குப்பையில் போடாமல், கட்டியிருந்த அட்டையோடு சேர்த்து மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை வைத்திருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே மின்னஞ்சல் போய்விட வேண்டும். எத்தனை நாள் கெடு என்பது சான்றிதழின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.