பேசினாலே விலகிப் போகிறவர்களிடம் இயேசுவைப் பற்றி எப்படிச் சொல்வது? வாழ்ந்து காட்டினால் மட்டும் போதுமா?

போதாது. வாயும் திறக்க வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் விசுவாசத்துக்கு வந்திருக்கிறீர்கள், வேலையிடத்திலும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1 பேதுரு 3:15, நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற" யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. அப்படிக் கேட்கத் தோன்றும்படி நடந்துகொள்வதுதான் நம் முதல் வேலை. வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுப்பது, அடுத்தவர் வேலைக்குக் கிடைத்த பாராட்டை உரியவரிடம் சேர்ப்பது, கோபத்தில் பேசியதற்கு அன்றைக்கே, இன்ன வார்த்தைக்காக என்று குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்பது, எல்லாமே சாட்சிதான். அதற்காக விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம். ஞாயிறு காலை எங்கே போனீர்கள் என்றால் "ஆராதனைக்கு" என்று இயல்பாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே கேட்டால் மேலே சொல்லலாம்.

"ஆத்துமாக்கள் அழியும்போது பொறுமையா?" என்று சிலர் கேட்பார்கள் என்று தெரியும். வெளியே நின்று பிரசங்கிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த அப்போஸ்தலர் பவுல் அத்தேனேயில் (ஏதென்ஸ்) சந்தைவெளியில் தினமும் பேசினார். ஆனால் அவர் அந்த ஊரைக் கடந்து போகிறவர். நீங்களோ நாளைக்கும் அதே வீட்டில் சாப்பிட வேண்டும்.

ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால் முதலில் முழுவதும் கேளுங்கள், நடுவில் வசனம் வேண்டாம். பிறகு "இதற்காக ஜெபிக்கலாமா?" என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் தனியாக ஜெபியுங்கள். சரி என்றால் இரண்டு மூன்று வாக்கியம் போதும், அதுவும் தேவனிடம் பேசுவதாக இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு அவருக்கே பிரசங்கம் செய்கிற ஜெபத்தை யாரும் உடனே கண்டுகொள்வார்கள். சில நாள் கழித்து "அந்தப் பரிசோதனை முடிவு என்ன ஆயிற்று?" என்று மறக்காமல் விசாரியுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

இங்கே நடக்கும் பெரிய கேடு ஒன்று உண்டு. நம்பிச் சொன்ன துக்கம் பெயரோடு சபை ஜெபக்குறிப்பாகி, அங்கிருந்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், கடைசியில் அவர் காதுக்கே திரும்பி வருகிறது. அதற்குப் பிறகு அவர் நம்மிடம் எதையும் சொல்லமாட்டார். ஜெபிக்க ஆள் வேண்டுமானால் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டுச் சொல்லுங்கள், தேவனுக்கு ஆள் தெரியும். இத்தனை பேரைச் சந்தித்தோம் என்று கணக்குக் காட்டும் வழக்கமும் இதே நோய்தான். மனிதரை எண்ணிக்கையாக்கினால் அவர்களுக்கு அது புரிந்துவிடும்.

உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடமும், உங்கள் பண உதவியை நம்பியிருப்பவரிடமும் நீங்களாகப் பேச்சைத் தொடங்காதீர்கள். அவரால் மனம் திறந்து "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. படுக்கையில் கிடப்பவருக்குக் கஞ்சி கொடுங்கள், கூட இருங்கள். அந்த நேரத்தில் இயேசுவை ஏற்றுக்கொள்ளும் தீர்மானம் கேட்டு நெருக்காதீர்கள்.

கேள்வி வந்துவிட்டால், கேட்டதற்கு மட்டும் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லுங்கள். "இரட்சிக்கப்பட்டேன்", "அபிஷேகம்" என்பவை சபைக்கு வெளியே விளங்காது. "என் குற்றங்களைத் தேவன் மன்னித்தார் என்று நம்புகிறேன், அதனால் மற்றவர்களை மன்னிக்கக் கற்றுக்கொள்கிறேன்" என்றால் யாருக்கும் விளங்கும். பதில் தெரியாவிட்டால் "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, உண்மையிலேயே படித்துவிட்டு வாருங்கள்.

அவர் இன்னும் அறிய விரும்பினால் மாற்கு சுவிசேஷத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். எளிய மொழிபெயர்ப்பில் வாரம் ஓர் அதிகாரம். இயேசு இங்கே என்ன செய்தார், சுற்றியிருந்தவர்கள் என்ன நினைத்தார்கள், உங்களுக்கு எது இடறுகிறது என்று மூன்றே கேள்விகள். மூன்றாவதற்கு வரும் பதிலை உடனே மறுக்காதீர்கள். அங்கேதான் அவர் தன் உண்மையான தடையைச் சொல்கிறார். மறுத்தால் அடுத்த வாரம் மரியாதைக்குத் தலையாட்டுவார், அதற்கடுத்த வாரம் வரமாட்டார்.

வீட்டார் விஷயம் இன்னும் நீளும். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மோனிக்கா, அப்போது விசுவாசத்துக்கு வராமல் இருந்த தன் மகன் அகஸ்டினோடு (பின்னாளில் சபையின் பெரிய போதகர்) வாதாடும்படி ஓர் ஆயரைக் கெஞ்சினார். ஆயர் மறுத்து, இப்போதைக்கு அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபி என்றார். அகஸ்டின் 387இல்தான் ஞானஸ்நானம் பெற்றார், அதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிட்டன. இயேசுவின் சகோதரரும் அவரை விசுவாசியாதிருந்தார்கள் என்று யோவான் 7:5 சொல்கிறது, ஒரே வீட்டில் வளர்ந்தும். ஆகவே வீட்டார் "வேண்டாம்" என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். சபைக் கூட்டங்களைச் சொல்லி வீட்டு வேலையைத் தட்டிக்கழிக்காதீர்கள். சண்டையில் வசனத்தை எடுக்காதீர்கள். மறுத்த மறுநாளும் அதே அன்போடு பேசுங்கள், செய்துவந்த உதவியைக் குறைக்காதீர்கள். குறைத்தால், இதுவரை செய்ததெல்லாம் தூண்டில்தானா என்று நினைத்துவிடுவார்கள்.