இன்னும் 5 தவணைதான் பாக்கி, இப்போது போய் மனைவியிடம் சொல்லணுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "தம்பியின் தொழிலுக்காக 2 வருடத்துக்கு முன்பு மனைவிக்குத் தெரியாமல் பேங்க்கில் கடன் வாங்கிக் கொடுத்தேன். இன்னும் 5 தவணைதான் பாக்கி. தேவனிடம் அழுது அறிக்கை செய்துவிட்டேன், மனதில் சமாதானமும் இருக்கிறது. முடியப்போகிற விஷயத்தைச் சொல்லி வீட்டில் சண்டையைக் கிளப்ப வேண்டுமா?"

சொல்லத்தான் வேண்டும் சகோதரரே. அதுவும் கடன் முடிவதற்குள். தவணை பாக்கி இருக்கும்போது சொன்னால், அந்தப் பணத்தைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை பேச முடியும். முடிந்தபிறகு சொன்னால் அவர் கேட்டுக்கொள்ள மட்டும்தான் முடியும்.

தேவனிடம் அறிக்கை செய்தது சரி. ஆனால் மத்தேயு 5:23, 24-ஐ ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காணிக்கையோடு பலிபீடத்துக்கே வந்துவிட்டவனை, அதை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய்த் தன்மேல் குறை உள்ள சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. உங்கள் மனைவிக்கு உங்கள்மேல் ஒரு குறை உண்டு, அது அவருக்கே இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

"நான் பொய் எதுவும் சொல்லவில்லையே" என்று தோன்றலாம். ஆபிரகாமும் இதைத்தான் சொன்னார். சாராளைச் சகோதரி என்று சொல்லிவிட்டு, கேராரின் ராஜா அபிமெலேக்கு பிடித்துக் கேட்டதும், "அவள் என் தகப்பனுக்குக் குமாரத்திதான், தாய்க்கு அல்ல" என்கிறார் (ஆதியாகமம் 20:12). வார்த்தைக்கு வார்த்தை உண்மை, ஆனால் மனைவி என்பதை மறைக்கத்தானே அந்த உண்மையையே எடுத்தார்! மாதக் கடைசியில் "ஏன் இழுபறி?" என்று மனைவி கேட்க, நீங்கள் "செலவு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, தவணை மெசேஜ் வந்த போனைக் கவிழ்த்து வைக்கிறீர்களே, அதுவும் இந்த ரகம்தான்.

எப்படிச் சொல்வது? சபைக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, கடன் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். "உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்" என்பது முதல் வாக்கியம், மொத்தத் தொகை இரண்டாவது. தம்பியின் கஷ்டம், அம்மாவின் வற்புறுத்தல் எல்லாம் அவர் கேட்டால் அப்புறம் சொல்லலாம். நிறையப் பேர் தவறுவது தொகையில்தான். பாதியைச் சொல்லி ஆழம் பார்ப்பார்கள், மீதி 1 மாதம் கழித்து ஏதோ ஒரு காகிதத்தில் வெளிவரும், அதற்குப் பிறகு அவர்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. வேறு கடன், கைமாற்று ஏதாவது இருந்தால் அதே இரவில் சொல்லிவிடுங்கள்.

அவர் அழலாம், சில நாள் பேசாமல் இருக்கலாம், இனி எல்லாக் கணக்கையும் காட்டு என்று கேட்கலாம். அப்போது தயவுசெய்து, "வேதம் மன்னிக்கச் சொல்கிறதே" என்று ஆரம்பிக்காதீர்கள். மன்னித்தவர் உடனே நம்பியாக வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மார் குனிந்து வணங்கியதைப் பார்த்த உடனே யோசேப்பு தன்னைக் காட்டிக்கொண்டாரா? அவர்களைச் சோதித்தார். தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன் யூதா முன்வந்த பிறகுதான் அவர்கள் முன்பாக உடைந்து அழுது, தன்னைக் காட்டிக்கொண்டார். கணக்கைக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுங்கள், எத்தனை மாதம் ஆனாலும் சரி.

இன்னொன்று. "அண்ணி கேட்டால் இப்படிச் சொல்" என்று தம்பியிடம் முன்கூட்டியே பேசி வைக்காதீர்கள். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் அப்படித்தான் பேசி வைத்துக்கொண்டு, அப்போஸ்தலன் பேதுருவிடம் தனித்தனியாக வந்தார்கள்.