பழைய நச்சுக் குண்டுகளைப் புதைத்துவிட்டால் போதாதா?

கேள்வி: அமெரிக்கா தன்னிடமிருந்த இரசாயன ஆயுதங்களை 2023இல்தான் அழித்து முடித்தது என்று படித்தேன். அவற்றை ஆழமாகப் புதைக்கவோ நடுக்கடலில் போடவோ செய்யாமல், இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது ஏன்?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலையின் குரோமியக் கழிவு மலைபோல் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததை அருகிலிருந்து பார்த்தவர் நீங்கள். புதைத்த நஞ்சு புதைத்த இடத்திலேயே இருப்பதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பால்டிக் கடலில் கொட்டப்பட்ட கடுகு வாயு (பெயரில் வாயு என்றாலும், இது தோலைப் புண்ணாக்கும் திரவ நஞ்சு; குளிரில் கட்டியாகும்), பார்ன்ஹோம் தீவுப் பக்கத்தில் மீனவர்களின் வலைகளில் கட்டிகளாகச் சிக்கி அவர்களின் தோலைப் புண்ணாக்கியது. அதனால்தான் 1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கை, கடலில் கொட்டுவது, மண்ணில் புதைப்பது, திறந்தவெளியில் எரிப்பது ஆகிய மூன்றையும் தடை செய்கிறது.

காலம் பிடிப்பதற்கு முதற்காரணம், ஒரு குண்டுக்குள் நஞ்சு, வெடிமருந்து, உலோக உறை ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதே. வெடிமருந்தை இயந்திரக் கைகளால் பிரித்து, நஞ்சை வடித்து, உறையைக் கடும் சூட்டில் தூய்மையாக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள பியூப்லோவில் கடுகு வாயுவை வெந்நீரால் சிதைத்து, எஞ்சிய திரவத்தை நுண்ணுயிரிகளைக் கொண்டு மேலும் சிதைத்தார்கள்.

இன்னொரு காரணம் மக்கள். இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கென்டக்கி மாநிலத்தின் புளூ கிராஸ் ஆயுதக் கிடங்கில் எரியுலை அமைக்கும் திட்டம் 1984இல் தெரியவந்தபோது, புகை தங்கள் ஊர் மீது படியும் என்று அங்குள்ளவர்கள் எதிர்த்தார்கள். மாற்று வழிகளை ஆராயும் திட்டம் 1996இல் தொடங்கியது. எரிக்காமல் சிதைக்கும் முறையிலேயே 2023 ஜூலை 7 அன்று கடைசிக் குண்டு அழிக்கப்பட்டது. அதே 1996இல்தான், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த தோல் தொழிற்சாலை வழக்கில், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் (கேடு முழுமையாக நிரூபணமாகும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்பது) மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஞ்சின் அருகே வாழ்பவரைக் கேட்காமல் திட்டம் தீட்டினால், அத்திட்டம் பாதியில் நின்றுபோகும். எனவே அந்த ஆண்டுகளை வீண் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

இந்தியாவும் தான் அறிவித்த 1,044 டன் கடுகு வாயுவை 2009இல் அழித்து முடித்தது. ஆனால் கடைசிக் குண்டோடு எந்த நாட்டிலும் வேலை ஓய்வதில்லை. நஞ்சு படிந்த ஆலையின் குழாய்கள், தொட்டிகள், சுவர்கள் ஆகியவையும் கழிவாகிவிடுவதால், ஆலையைக் கட்டும் முன்பே அதைக் கலைப்பதற்கான காலத்தையும் செலவையும் திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.